ஒன்பதாவது பாட்டுக்கு ஒன்ஸ் மோர்

ஞாயிற்றுக்கிழமை மாட்னியில் நடந்தவை, நடந்த வரிசையில்:

1. மதியம் இரண்டரைக்குப் படம் தொடங்கியது. ஹால் நிறைந்திருந்தது.

2. நான்கு மணிக்குக் கொஞ்சம் பின்னால் ஒன்பதாவது பாட்டு வந்தது. முன்வரிசை ஆட்கள் எழுந்துபோய்த் திரைக்கு முன்னால் ஆடினார்கள். வெள்ளிக்கிழமையிலிருந்து எல்லாக் காட்சியிலும் நடந்ததுதான்.

3. பாட்டு முடிந்ததும் 'ஒன்ஸ் மோர்' கேட்டார்கள்.

4. நான் போட்டேன்.

5. ஆடியவர்களில் ஒருவன் ஐந்தாவது வரிசைக்கு வந்தான். அங்கே ஒரு லம்பாடிக் குடும்பம் உட்கார்ந்திருந்தது. படம் தொடங்குமுன் அவர்கள் தங்கள் பாஷையில் பேசிக்கொண்டதை முன்வரிசையில் கேட்டிருக்கிறார்கள். அந்தக் குடும்பத்தில் நர்சிங் படிக்கும் பெண்ணின் கையைப் பிடித்து, "உங்க பாட்டுதான, வந்து ஆடு" என்று இழுத்தான்.

6. அவள் மாட்டேன் என்றாள். அவன் விடவில்லை. கண்ணாடி வளையல் உடைந்து மணிக்கட்டைக் கிழித்தது.

7. அவளுடைய சித்தப்பா அவனை அறைந்தார்.

8. அதற்குப் பிறகு யார் யாரை அடித்தார்கள் என்று சொல்ல முடியாது. மூன்று சீட் உடைந்தது.

9. நான் படத்தை நிறுத்தினேன். ஐந்தாம் எண்ணுக்கும் இந்த ஒன்பதாம் எண்ணுக்கும் இடையில் நாற்பது விநாடி. அவ்வளவு நேரமும் ஆபரேட்டர் ரூம் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

நான் படித்த பாலிடெக்னிக்கில் இறுதியாண்டு மாணவர்கள், தியேட்டர் வேலை எப்படி இருக்கும் என்று எழுதித் தரச் சொன்னார்கள். லென்ஸ் துடைப்பதும் சர்வரில் படம் ஏற்றுவதும் கம்பெனி மேனுவலில் இருக்கின்றன. மேனுவலில் இல்லாத ஒன்றை எழுதுகிறேன். தியேட்டர் கம்பைநல்லூரிலிருந்து அரூர் போகும் வழியில் இருக்கிறது என்பது போதும்.

பாட்டு

கருப்பு வெள்ளைப் படம். அறுபது வருடத்துக்கு முந்தியது. பன்னிரண்டு பாட்டு. புதுப்பித்து, ஒலியை ஆறு சேனலாகப் பிரித்து மறுபடி வெளியிட்டிருந்தார்கள். படத்தின் பெயரை எழுதினால் பேச்சு நடிகரைப் பற்றிப் போய்விடும் என்பதால் எழுதவில்லை.

கதை சுருக்கமானது. ஜமீன் வீட்டுக் குழந்தையை லம்பாடிக் கூட்டம் திருடிக்கொண்டு போகிறது. அவள் கூடாரத்தில் வளர்கிறாள், ஊர் ஊராக ஆடுகிறாள். கடைசியில் ஜமீன் மகள் என்று தெரிந்து அரண்மனை போன்ற வீட்டில் கல்யாணம். ஒன்பதாவது பாட்டு கூடாரத்தில் நடக்கிறது.

அந்தப் பாட்டில் எனக்குப் பிடித்தவை:

- முதல் இருபது விநாடி வெறும் சலங்கை.
- மேளம் நுழைகிற இடம். காது எதிர்பார்க்கிற இடத்தை ஒரு நொடி தவறவிட்டு வரும்.
- நெருப்பிலிருந்து கிளம்பி, கூடாரத்தின் உச்சிவரை ஏறி, மறுபடி நெருப்புக்கே இறங்கும் ஒரே ஷாட். நடுவில் வெட்டே இல்லை. அந்தக் காலத்து கேமராவைத் தூக்கிக்கொண்டு எத்தனை முறை ஒத்திகை பார்த்தார்களோ.
- கடைசிச் சரணத்தில் எல்லாரும் குரலை ஏற்றுவார்கள். இதில் பாடகி இறக்குகிறார்.

எங்கள் ஹாலின் ஸ்பீக்கர்களை இந்தப் பாட்டை வைத்துத்தான் ட்யூன் செய்தேன். இடது, வலது சரியாகப் பிரிகிறதா என்று சலங்கையில் தெரிந்துவிடும்.

அதே பாட்டில் கூட்டத் தலைவன் ஒருவன் வருகிறான். முகமெல்லாம் கரி பூசியிருப்பான், குடித்திருப்பான், யாருக்கும் புரியாத பாஷையில் உளறுவான். குழந்தையைத் திருடியது அவன்தான். ஹாலில் சிரிப்பு வருவது அவனுக்குத்தான். இதையும் சிறு வயதிலிருந்து நூறு தடவை பார்த்திருப்பேன். எங்கள் குடும்பம் பாலக்கோடு பக்கம் தக்காளி போடுகிற குடும்பம். அந்தப் படத்தில் எங்கள் ஆட்கள் யாரும் திருடனாக வரவில்லை. அதனால் எனக்குச் சலங்கை மட்டும் கேட்டது.

வியாழக்கிழமை ட்ரையல்

படம் வெளியாவதற்கு முதல் நாள் காலையில் ஸ்டாஃபுக்காக ஒருமுறை ஓட்டிப் பார்த்தோம். டிக்கெட் கவுண்டரில் இருக்கும் கமலா அக்கா எனக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். பி.காம். படித்தவர். சொந்த ஊர் அரூர் பக்கம் ஒரு தாண்டா. லம்பாடி மக்கள் குடியிருக்கும் ஊரை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். ஒன்பதாவது பாட்டுக்குக் காலால் தாளம் போட்டார். முடிந்ததும் கேட்டார்.

"பாட்டு சூப்பரு. அந்தக் குடிகாரன் என்னா பாஷை பேசறான்?"

உங்கள் பாஷை இல்லையா என்று நான் திருப்பிக் கேட்டேன். தெரியாமல்தான் கேட்டேன்.

"எங்க பாஷையில ஒரு வார்த்தகூட இல்ல. வாய்க்கு வந்தத கத்தறான். எங்க மாமனாரு தெனமும் ஒரு வரி விடாம பேப்பர் படிக்கற ஆளு. அவரு டீக்கடைக்குப் போனா பசங்க இப்பிடித்தான் கத்துவானுங்க. எங்க கத்துக்கிட்டானுங்கன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

படம் ஓடிக்கொண்டே இருந்தது. கதாநாயகி யாருக்கோ தன் சாப்பாட்டைக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"இவ எவ்ளோ நல்லவ பாத்தியா? திருட மாட்டா, பொய் சொல்ல மாட்டா. ஏன்னா இவ எங்க பொண்ணு இல்ல. கதை அவ்ளோதான்."

அது அந்தக் காலத்துப் படம் அக்கா என்றேன்.

"பாக்கறவங்க இந்தக் காலத்து ஆளுங்கதான பாப்பா."

 படம் முடிந்து இருவரும் எழுந்தோம். கதவருகே வந்தபோது ஒன்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை மாட்னிக்கு அவருடைய வீட்டு ஆட்கள் ஒன்பது பேர் வருகிறார்கள். அவருடைய சொந்த அக்காவின் மகள், நர்சிங் படிக்கும் அனிதா, இந்தப் பாட்டைப் பெரிய திரையில் பார்க்க வேண்டும் என்று அடம் பிடிக்கிறாள்.

"எங்க கல்யாணத்துலயும் டிஜே இதத்தான் போடறான். நாங்களும் ஆடுவம். நாங்களா ஆடறது வேற. இங்க ஒரு தடவ வருது, போவுது, பரவால்ல. ஒன்ஸ் மோர் மட்டும் அந்தக் காட்சிக்கு வேணாம். முன்சீட்டுப் பசங்க ஒரு நெல தாண்டிட்டாங்கன்னா யாரு என்னான்னு பாக்க மாட்டாங்க."

"சரிக்கா, போடல" என்றேன்.

பல்ப் மாற்றிய தேதி முதல் ஏசி ஃபில்டர் கழுவிய தேதிவரை எல்லாவற்றுக்கும் லிஸ்ட் வைத்திருப்பவள் நான். இதை எங்கேயும் குறிக்கவில்லை.

பட்டன்

வெளியூர்க்காரர்களுக்காக ஒன்ஸ் மோர் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பழைய படம் ரீ-ரிலீஸ் ஆனால் எங்கள் பக்கத்தில் பிடித்த பாட்டை இன்னொரு தடவை கேட்பார்கள். போடும்வரை விசில் நிற்காது. ஃபிலிம் இருந்த நாளில் ஆபரேட்டர் ரீலை நிறுத்திச் சுற்ற வேண்டும். இப்போது சர்வரில் பின்னால் போனால் போதும்.

அதை நான் ஒரே பட்டனில் கொண்டுவந்தேன். அழுத்தினால் படம் பாட்டின் தொடக்கத்துக்குத் தாவும், ஹால் விளக்கு பாதி எரியும், திரையைச் சுற்றிக் கட்டிய சீரியல் பல்புகள் மின்னும், சத்தம் கொஞ்சம் கூடும். மேனேஜர் சேகர் அண்ணன் இதைக் காட்டுவதற்கென்றே வேறு தியேட்டர்க்காரர்களை மாடிக்குக் கூட்டிவந்தார். என் வேலையில் எனக்கு அதிகப் பெருமை தந்தது அந்தப் பட்டன்தான்.

ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி பத்து நிமிடத்துக்குப் பாட்டு முடிந்தது. விசில் மேலே கண்ணாடிவரை வந்து அதிர்ந்தது. இண்டர்காம் அடித்தது. மேனேஜர். "போடும்மா, கத்தறாங்க பாரு" என்றார்.

மேனேஜர் சொன்னதால் போட்டேன் என்று அன்று சாயந்திரத்துக்குள் மூன்று பேரிடம் சொல்லியிருந்தேன்.

திங்கட்கிழமை

காலை பத்து மணிக்கு ஓனர் எங்களைக் கூப்பிட்டார். அறையில் ஓனர், மேனேஜர், கமலா அக்கா, நான். முதல் நாள் சாயந்திரமே ரசிகர் மன்றத்து ஆட்கள் அவரை வீட்டில் போய்ப் பார்த்திருக்கிறார்கள். அடித்தது டிக்கெட் கொடுக்கும் பெண்ணின் ஆட்கள், அந்தப் பெண் கவுண்டரில் இருந்தால் நாங்கள் வரமாட்டோம், பேனரையும் கழற்றிக்கொள்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

மேனேஜர் தன் பங்குக்கு, அந்தக் குடும்பம்தான் முதலில் கை நீட்டியது என்றார்.

"எங்க அக்கா பொண்ணு கையில மூணு தையலுங்க" என்றார் கமலா அக்கா. "அவன் இழுத்தாங்க. அதுக்கப்புறந்தான் எங்க கொழுந்தனாரு அடிச்சாரு."

"இருட்டுல யாரு பாத்தாங்க?" என்றார் மேனேஜர்.

"நான் வியாழக்கெழமையே சொன்னங்க, இந்தக் காட்சிக்கு ஒன்ஸ் மோர் வேணாம்னு."

"யாருகிட்ட சொன்ன?" என்று ஓனர் கேட்டார்.

கமலா அக்கா என் பெயரைச் சொல்லவில்லை. என்னைப் பார்த்தார். ஓனரும் என்னைப் பார்த்தார்.

"மேனேஜர் சார்தான் இண்டர்காம்ல போடச் சொன்னாருங்க" என்றேன்.

அந்த வாக்கியத்தில் பொய் எதுவும் இல்லை. கேட்ட கேள்விக்குப் பதிலும் இல்லை.

ஓனர் சத்தம் போடுகிறவர் இல்லை. "கமலா, நீ கொஞ்ச நாளு வூட்டுல இரு. அடுத்த திங்கக்கெழம பேசிக்கலாம்" என்றார். வேறு ஆள் பார்க்கச் சொல்லி மேனேஜரிடம் கையைக் காட்டினார். எல்லாருக்கும் புரிந்தது. கமலா அக்கா கவுண்டர் சாவியை மேசையில் வைத்துவிட்டு, சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனார்.

மாடிப்படியில் மேனேஜர் என்னை நிறுத்தினார். "நீ மேல ரூம்ல இருந்த. ஒனக்கு ஒண்ணும் தெரியாது. அதோட வுட்டுடு. சின்னப் பொண்ணு, வேலைய பாரு."

ஏழு நாள்

தியேட்டரின் சிசிடிவியும் என் பொறுப்புதான். ரெக்கார்டர் ஏழு நாள் பதிவை மட்டும் வைத்திருக்கும், எட்டாம் நாள் பழையதன் மேல் புதியது எழுதிக்கொள்ளும். அடுத்த ஞாயிறு மாட்னியோடு அந்தப் பதிவு அழிந்துவிடும். நான் எதையும் அழிக்க வேண்டாம். பேசாமல் இருந்தால் போதும்.

செவ்வாய்க்கிழமை காலைக் காட்சிக்கு முன்னால் போட்டுப் பார்த்தேன். ஹாலுக்குள் ஒரு கேமரா உண்டு. சாதாரணமாக அதில் தலைகள்கூடத் தெரியாது. ஆனால் பட்டனை அழுத்தியதும் என் பாதி விளக்கும் சீரியல் பல்பும் எரிந்ததால் எல்லாம் தெரிந்தது. அவன் வருகிறான். குனிகிறான். அனிதா கையை உதறுகிறாள். பக்கத்தில் இருந்த பெரியம்மா அவனைக் கும்பிடுகிறார். அவன் சிரித்துக்கொண்டே இழுக்கிறான். சித்தப்பா எழுந்தது அதற்கும் பிறகு. மேலே இருந்து அன்றைக்கு இதே காட்சியைப் பார்த்தபோது, கூட்டிக்கொண்டுபோய் ஆடப் போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். படத்தில் அப்படித்தான் ஆடுவார்கள்.

மேனேஜர் அறையிலும் ஒரு கேமரா இருக்கிறது. சர்வரின் லாக்கில் ஒவ்வொரு பட்டனும் எந்த விநாடியில் அழுத்தப்பட்டது என்று இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பட்டன் அழுத்தியது 4:10:52. மேனேஜர் இண்டர்காமை எடுத்தது 4:11:03.

பதினொரு விநாடி. அவர் சொல்வதற்கு முன்பே நான் போட்டுவிட்டிருந்தேன். அவர் விசில் சத்தத்தில் மறுபடி தொடங்கிய பாட்டைக் கவனிக்காமல் போடச் சொல்லியிருக்கிறார். மூன்று பேரிடம் சொன்னதை நானே நம்பத் தொடங்கியிருந்தேன்.

புதன்கிழமை காலை அரூரில் கமலா அக்காவின் வாடகை வீட்டுக்குப் போனேன். அவர் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். உள்ளே வா என்று சொல்லவில்லை. அனிதாவின் கை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். தையல் பிரிக்க வரும் வாரம் போக வேண்டும், வலது கை, செய்முறைத் தேர்வு தள்ளிப் போகிறது என்றார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

"நீ மறந்துட்டியா, இல்ல போடணும்னே போட்டியா? அத மட்டும் சொல்லு."

மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். வருகிற வழியெல்லாம் அதைத்தான் ஒத்திகை பார்த்திருந்தேன்.

"ஞாபகம் இருந்துச்சுக்கா. இன்னொரு தடவ கேக்கணும்னு தோணுச்சு. போட்டுட்டன்."

கையில் இருந்த துணியை உதறிக் கொடியில் போட்டார்.

"எனக்கும் புடிச்ச பாட்டுதான். அதனாலதான் ஒம்மேல கோவம் ஜாஸ்தி. அந்தப் பையன் குடிச்சிட்டு இருந்தான், படிப்பில்ல. நீ பாட்டு தெரிஞ்சவ. ஒனக்குச் சொன்னன்."

வேலையைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. தனக்காகப் பேசு என்றும் சொல்லவில்லை.

எழுதிக் கொடுத்தது

வியாழக்கிழமை ஓனரிடம் ஒரு பென்டிரைவும் ஒரு பக்கக் காகிதமும் கொடுத்தேன். காகிதத்தில் இருந்தது:

1. கமலா ஒன்ஸ் மோர் வேண்டாம் என்று முன்கூட்டியே சொன்னார். சொன்னது என்னிடம்.

2. போடமாட்டேன் என்று நான் ஒப்புக்கொண்டேன்.

3. போட்டது நான். மேனேஜர் சொல்வதற்குப் பதினொரு விநாடி முன்பே.

4. முதலில் கை வைத்தது யார் என்பது பதிவில் இருக்கிறது.

5. நாற்பது விநாடி நான் படத்தை நிறுத்தவில்லை.

ஓனர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். பதிவை இரண்டு தடவை பார்த்தார். மேனேஜரும் பக்கத்தில் நின்று பார்த்தார். அந்தப் பெரியம்மா கும்பிடுகிற இடத்தில் ஓனர் நிறுத்தினார்.

"ஏம்மா, ஒன்னை யாரும் எதுவும் கேக்கல. நீயே போட்டுட்டு நீயே எழுதியும் குடுக்கற?"

"கேட்டீங்க. திங்கக்கெழம நான் சரியா பதில் சொல்லலைங்க."

அவர் மேனேஜர் பக்கம் திரும்பினார். "கமலாவ நாளைக்கி வரச் சொல்லு. நீயே போன் பண்ணு." பிறகு என்னிடம், "நீ ஒரு மாசம் ரூம் ஏறாத. கீழ டார்ச் அடி" என்றார்.

மன்றத்து ஆட்களிடம் பதிவைக் காட்டியபோது, அவர்கள் அது அவனுடைய சொந்தத் தவறு என்று சொல்லிவிட்டு, பேனரை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். அனிதாவிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

ஒரு மாதம் இருட்டில் வருகிறவர்களுக்கு டார்ச் அடித்துச் சீட் காட்டினேன். மேலே கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது ஹால் ஒரே கூட்டமாகத் தெரியும். கீழே நின்றால் ஒவ்வொருவரும் எதற்குச் சிரிக்கிறார்கள், எதற்குச் சிரிக்கவில்லை என்று தெரியும். அந்தப் படத்தின் கடைசி வாரம் முழுக்க, குடிகாரத் தலைவன் உளறும் இடத்தில் நான் திரைக்கு முதுகு காட்டி ஆட்களைப் பார்த்தேன். ஒருமுறை ஒரு அப்பா, ஐந்தாறு வயதுப் பையனிடம், சேட்டை பண்ணினால் இவன்தான் பிடித்துக்கொண்டு போவான் என்று திரையைக் காட்டினார். பையன் பயந்துவிட்டான். பாட்டு நன்றாகத்தான் இருந்தது, அப்போதும்.

தெரிந்துகொண்டது

அந்தப் பாட்டை வெறுத்துப் பார்க்க முயன்றேன். வரவில்லை. வெறுக்கச் சொல்லி என்னிடம் யாரும் கேட்கவும் இல்லை. கமலா அக்கா கேட்டது ஒரே ஒரு காட்சியில் இரண்டாம் தடவை போடாதே என்பதுதான். படத்தைத் தடை செய்வதா, கலையை எப்படிப் பார்ப்பது என்ற பெரிய கேள்விகளை அன்று யாரும் என் முன்னால் வைக்கவில்லை. நான்கு நிமிடத்தை விட்டுக்கொடுக்கச் சொன்னார்கள். எனக்குப் பிடித்திருந்ததால் விட்டுக்கொடுக்கவில்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு இரண்டு சொல்லலாம். படத்தை எடுத்தவர்கள் இறந்துவிட்டிருக்கலாம், ஆனால் இன்றைக்கு அதை ஓட்டுகிறவர் நீங்கள். ஹாலில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது உங்கள் வேலையின் பகுதி. இரண்டாவது, சக ஊழியர் ஒன்று கேட்டுக்கொண்டால் அதையும் லாக் புத்தகத்தில் எழுதுங்கள். பல்ப் தேதிக்குக் கீழே இடம் இருக்கும்.

இப்போதைய நிலை

நான் மறுபடி ஆபரேட்டர் ரூமில் இருக்கிறேன். பட்டனைச் சர்வரிலிருந்து எடுத்துவிட்டேன். இனி ஒன்ஸ் மோர் போட வேண்டுமென்றால் மேனேஜரும் நானும் காட்சிக்கு முன்பே பேசி, எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சேகர் அண்ணனுக்கு இது பிடிக்கவில்லை, ஆனாலும் போடுகிறார். இந்த மக்களின் பாஷையும் வாழ்க்கையும் இதில் காட்டியதுபோல் இல்லை என்று படத்துக்கு முன்னால் இரண்டு வரி போடலாமா எனக் கேட்டு விநியோகஸ்தருக்கு மூன்று மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் வரவில்லை. ஓனர், பதில் வராவிட்டால் நாமே ஸ்லைடு போட்டுக்கொள்ளலாம் என்றார். வாசகத்தைக் கமலா அக்கா எழுதித் தந்திருக்கிறார்.

அவர் கவுண்டரில்தான் இருக்கிறார். என்னிடம் வேலை விஷயம் பேசுகிறார். வேறு பேச்சு இன்னும் தொடங்கவில்லை. படம் பொங்கலுக்கு மறுபடி வருகிறது, நான்தான் ஓட்டுகிறேன். அனிதா தேர்வை எழுதிவிட்டாள். அவள் தியேட்டருக்கு வருவதில்லை.